மறு: கிளிநொச்சி முன்பள்ளி ஆய்வு முன்மொழிவு திரும்பி வந்தது

ஒரு முன்பள்ளி, 40 பிள்ளைகள், ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த சொல்வளச் சோதனை. ஒழுக்கநெறிக் குழு திருப்பி அனுப்பிவிட்டது என்று எழுதியிருந்தீங்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை இல்லை, சோதனைதான் முதற் பிரச்சினை. வன்னிப் பிள்ளையிடம் பனிமனிதன் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் அளக்கப்படுவது சொல்வளம் அல்ல. சுளகு, மண்வெட்டி, பனங்காய் என்று படங்களை மாற்றுங்கோ. ஆய்வில் சேராத 10 பிள்ளைகளிடம் முதலில் கேட்டுப் பாருங்கோ. எல்லாரும் சொல்லும் படமும் ஒருவரும் சொல்லாத படமும் பிள்ளைகளைப் பிரித்துக் காட்டாது, எடுத்துவிடுங்கோ. சுளகைப் பார்த்து "புடைக்கிறது" என்றால் புள்ளி உண்டா? முன்கூட்டியே எழுதி வையுங்கோ; புள்ளியிடும் இருவருக்கும் சண்டை வருவது அங்கேதான்.

வயதை மாதத்தில் பதியுங்கோ, 4 வயதில் 6 மாதம் பெரிய இடைவெளி. கிளினிக் கொப்பியில் பிறந்த திகதி இருக்கும்.

சம்மதக் கையெழுத்தை முன்பள்ளி ஆசிரியை மூலம் வாங்காதேங்கோ. ரீச்சர் கேட்டால் தாய்மார் மறுக்கமாட்டினம், அது சம்மதமில்லை. பிள்ளை தலையாட்டி மறுத்தாலும் நிறுத்தவேணும் என்று முன்மொழிவில் சேருங்கோ.

தலைப்பில் "தாக்கம்" வேண்டாம். ஒருமுறை மட்டும் அளந்தால் எது எதுக்குக் காரணம் என்று காட்டமுடியாது, "தொடர்பு" மட்டுமே சொல்லலாம். கார்த்திகை, மார்கழி மழையில் வரவு குறையும், தரவெடுப்பை அதற்கு முன் முடியுங்கோ.