பேனிக் அட்டாக், பதற்றம் இருப்பதை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. நானே அப்படி ஒரு பரிசோதனையைத் தேடி அலைந்தவன்தான்.

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில் லோரி எடை போடும் இடத்தில் வேலை. ஒரு நாள் வரிசையாக லோரிகள் நிற்க, எனக்கு நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரலெல்லாம் மரத்துப்போனது. இதோடு கதை முடிந்தது என்றே நினைத்தேன். கிளினிக்கில் இசிஜி, இரத்தம் எல்லாம் நோர்மல். “ஒன்னுமில்ல, வீட்டுக்குப் போங்க.”

என்னைவிட அப்பாவுக்குத்தான் எரிச்சல். எங்கள் பக்கம் இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) அளவு எவ்வளவு என்று கேட்டால் தூக்கத்தில்கூட சொல்வார்கள். “உன் வியாதிக்கு நம்பர் எங்கடா?” என்றார்.

அந்தப் பரிசோதனைகள் வேறு நோய்களை விலக்கத்தான். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், இரத்தச் சோகை இருந்தாலும், இதயத் துடிப்பில் கோளாறு இருந்தாலும் இதே படபடப்பு வரும். அதனால் ஒரு முறையாவது செய்துவிடுங்கள்.

ஆய்வுக்கூடத்துக் கதை வேறு. பதற்ற நோயாளிகளுக்கு நரம்பில் சோடியம் லாக்டேட் என்ற உப்புக் கரைசலை ஏற்றினால் அட்டாக் வருகிறது என்று 1967லேயே எழுதினார்கள். 35% கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரு மூச்சு இழுத்தாலும் பலருக்கு வந்துவிடும். மூச்சுத் திணறலுக்கான மூளையின் அபாய மணி காரணமில்லாமல் அடிக்கிறது என்று 1993இல் மனநல மருத்துவர் டொனால்ட் கிளைன் விளக்கம் சொன்னார். 2013இல் வந்த ஆய்வுதான் என்னை அசத்தியது: பயத்துக்கு முக்கியமான அமிக்டலா என்ற மூளைப் பகுதி இரு பக்கமும் சிதைந்தவர்களுக்கும் அந்தக் காற்று பீதியைக் கிளப்பியது! (விரல் மரத்தது இதற்கு நேர் எதிர்: வேக வேகமாக மூச்சு விட்டதில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோனது.)

மன அழுத்த ஹார்மோனான கோர்ட்டிசோலை அளந்த முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு முரண்படுகின்றன. இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் (துடிப்புகளுக்கு இடையிலான நேரம் மாறும் அளவு) பதற்ற நோயாளிகளுக்குச் சராசரியில் குறைவுதான். அதை வைத்து உங்களுக்கோ எனக்கோ நோய் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

கடைசியில் மனநல மருத்துவர் கேள்வி கேட்டுத்தான் கண்டுபிடித்தார். மனநல மருத்துவர்கள் வைத்திருக்கும் பட்டியலில் 13 அறிகுறிகள், அட்டாக் என்று சொல்ல 4 போதும். அடுத்தது எப்போது வருமோ என்று மாதக்கணக்கில் பயந்துகொண்டிருந்ததையும் சேர்த்துப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம், “13க்கு 9 இருக்குப்பா” என்றேன். “அப்படிச் சொல்லு,” என்று மாத்திரைப் பையை வாங்கிப் பார்த்தார்.