சளிக்காக மாற்ற வேண்டாம், டாய்லெட்டுக்காக மாற்றலாம்

கேள்வி: என் மகளுக்கு 2 வயது 8 மாதம். நானும் கணவரும் திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் வேலை பார்க்கிறோம். ஜூன் மாதம் பக்கத்துத் தெரு டே கேரில் சேர்த்தோம். காலை 9 மணி முதல் மாலை 5.30 வரை அங்கேதான் இருக்கிறாள். சேர்த்ததிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை சளி, இருமல். நடுவில் கை, கால், வாயில் கொப்புளம் வந்து ஒரு வாரம் லீவு போட வேண்டியதாயிற்று. காலையில் வாசலில் விட்டால் ஒரே அழுகை. டயப்பர் வேண்டாம், நாங்கள் பழக்கிவிடுகிறோம் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து அங்கே ஒன்றுக்குப் போவதே இல்லை, வீட்டுக்கு வந்துதான் போகிறாள். மோஷனும் மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறைதான். 'சமர்த்துப் பாப்பா, டிரஸ்ஸை நனைப்பதே இல்லை' என்கிறார் ஆயா. மாமியார், பிள்ளையை அங்கே அனுப்பவே வேண்டாம் என்கிறார். ஏசி, சிசிடிவி எல்லாம் உள்ள இன்னொரு டே கேர் இருக்கிறது. மாதம் 3,000 ரூபாய் அதிகம். மாற்றலாமா?

பதில்: சளி, அழுகை, மாமியார், ஏசி எல்லாவற்றுக்கும் நடுவே போகிற போக்கில் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறீர்கள். எட்டரை மணி நேரம் குழந்தை ஒன்றுக்குப் போவதில்லை. உங்கள் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

இந்த வயதில் வருடத்துக்கு எட்டு, பத்து முறை சளி பிடிப்பது சகஜம். டே கேரில் சேர்ந்த முதல் வருடத்தில் அதைவிடவும் கூடும். ஒரு சளி அடங்க ஒரு வாரம், பத்து நாள். இருமல் சில சமயம் மூன்று வாரம் வரை இழுக்கும். முதல் இருமல் நிற்பதற்குள் அடுத்த சளி தொடங்கிவிடுவதால் பிள்ளைக்கு எப்போதும் உடம்பு சரியில்லாதது போலத் தெரிகிறது. எங்கே சேர்த்தாலும் இது வரும். இப்போது நிறுத்திவிட்டு எல்.கே.ஜி.யில் சேர்த்தால் அங்கே வரும். கை, கால், வாய்க் கொப்புள நோயும் அப்படித்தான். குழந்தை குணமான பிறகும் சில வாரங்கள் மலத்தில் அந்த வைரஸ் வெளியேறும். ஆகவே டயப்பர் மாற்றியபின் அங்குள்ளவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்களா என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஏசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால், ஜன்னலைச் சாத்தி ஏசி போட்ட அறையில் இருபது பிள்ளைகளைப் படுக்கவைப்பதைவிட, காற்றோட்டமான அறையில் எட்டுப் பிள்ளைகள் இருப்பது சளிக்கு நல்லது. 3,000 ரூபாயை ஏசிக்காகக் கொடுக்காதீர்கள். வருடா வருடம் போடும் ஃப்ளூ தடுப்பூசியை இந்த வருடம் போட்டாயிற்றா என்று மட்டும் பாருங்கள். ஐந்து வயது வரை போடச் சொல்கிறோம்.

வாசலில் அழுவதற்காகவும் மாற்ற வேண்டாம். நீங்கள் கிளம்பிப் பத்து, பதினைந்து நிமிடத்தில் விளையாடப் போய்விடுகிறாளா என்று கேளுங்கள். போய்விடுகிறாள் என்றால் அது பிரிவின் அழுகை, நாளடைவில் குறையும். மாதக்கணக்காகியும் நாள் முழுக்க மூலையில் உட்கார்ந்திருக்கிறாள், சாப்பிடுவதில்லை, தூக்கத்தில் அலறுகிறாள் என்றால் கதை வேறு.

சரி, இப்போது அந்த விஷயத்துக்கு வருவோம்.

இந்த வயதுக் குழந்தையின் சிறுநீர்ப்பை சின்னது. வயதோடு இரண்டைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் எத்தனை மில்லி கொள்ளும் என்று தோராயமாகத் தெரியும். உங்கள் மகளுக்கு 140 மில்லி, ஒரு டம்ளர்கூட இல்லை. சாதாரணமாக இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை போக வேண்டும். எட்டரை மணி நேரம் போகவில்லை என்றால் இரண்டில் ஒன்று: தண்ணீரே கொடுப்பதில்லை, அல்லது அவள் அடக்கிக்கொள்கிறாள். பல இடங்களில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். நனைத்துவிடுமே என்று தண்ணீரைக் குறைப்பார்கள்; நனைத்தால் திட்டு விழும் என்று பிள்ளை அடக்கும். ஆயா சொல்கிற சமர்த்து இதுதான். அவரைக் குறை சொல்லவில்லை. பதினைந்து பிள்ளைகளை ஒருவர் பார்த்துக்கொண்டால் நனைக்காத பிள்ளைதான் நல்ல பிள்ளை.

மலத்தையும் இப்படித்தான் அடக்குவார்கள். அடக்கும் குழந்தையைப் பார்த்தாலே தெரியும். விளையாடிக்கொண்டே இருப்பவள் திடீரென்று நின்று, காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் எம்பி, முகம் சிவந்து அசையாமல் நிற்பாள். சிலர் கதவுக்குப் பின்னால் போய் நிற்பார்கள். மலம் கழிக்க முக்குகிறாள் என்று நினைப்போம். உண்மையில் வராமல் இறுக்கிப் பிடிக்கிறாள். பிடித்துவைத்த மலம் உள்ளே காய்ந்து கெட்டியாகும். அடுத்த முறை போகும்போது வலிக்கும், வலித்ததால் இன்னும் அடக்குவாள். மலக்குடல் விரிந்துகொண்டே போனால் முட்டுகிற உணர்வே மங்கிவிடும். பிறகு கெட்டி மலத்தின் ஓரமாகத் தண்ணீர் போல ஜட்டியில் கசியும். அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்துக்கொண்டு வரும் பெற்றோர்கள் உண்டு. நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையையும் அழுத்தும். பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர்த் தொற்று வர இது நல்ல வழி.

ஆகவே இந்த வாரமே உங்கள் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு யூரின் டெஸ்ட் எடுக்கட்டும். சளி இல்லாமல் காய்ச்சல் மட்டும் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். மலம் இளகுவதற்கு லாக்டுலோஸ் சிரப்போ, பாலிஎத்திலீன் கிளைகால் பவுடரோ தருவார். இரண்டு நாள் நன்றாகப் போனதும் நிறுத்திவிடாதீர்கள். விரிந்த குடல் பழையபடி சுருங்க மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும், அதனால் பழகிப்போய்விடாது. பால் அரை லிட்டருக்கு மேல் குடித்தால் குறையுங்கள். காலையிலும் இரவிலும் சாப்பிட்டவுடன் ஐந்து நிமிடம் குழந்தைகளுக்கான டாய்லெட் சீட்டில், கால் தரையிலோ ஸ்டூலிலோ ஊன்றும்படி உட்காரவையுங்கள். போனாலும் போகாவிட்டாலும் திட்டு கிடையாது. டயப்பரைத் திரும்பப் போடுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மலம் இளகி, வலி போன பிறகு மறுபடி பழக்கலாம்.

அப்புறம் டே கேருக்குப் போங்கள். மதியம், சொல்லாமல் போங்கள். பேசுவதற்கு முன்னால் டாய்லெட்டைப் பாருங்கள். ஈரமாக, இருட்டாக, பெரியவர்கள் அளவு பீங்கானாக இருந்தால் நீங்களே உள்ளே போகத் தயங்குவீர்கள். அவளுடைய தண்ணீர் பாட்டில் காலையில் நிரப்பியபடியே இருக்கிறதா? மூன்று வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளைகளுக்கு ஒருவர்? நனைத்துவிட்டால் என்ன செய்கிறீர்கள் என்று மிஸ்ஸிடம் கேட்காதீர்கள், ஆயாவிடம் சாதாரணமாகக் கேளுங்கள். 'மாற்றிவிடுவோம்மா' என்று சொல்கிற இடம் வேறு, 'அதெல்லாம் நனைக்க விடமாட்டோம்' என்று பெருமையாகச் சொல்கிற இடம் வேறு.

டயப்பர் போட்டுக்கொள்ளலாம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கூட்டிப்போகிறோம், தண்ணீர் கொடுக்கிறோம் என்று ஒத்துக்கொண்டால் மூன்று வாரம் பாருங்கள். மாலையில் வரும்போது டயப்பர் நனைந்திருக்க வேண்டும், அதுதான் அடையாளம். ஒத்துக்கொள்ளவில்லை, அல்லது ஒத்துக்கொண்டும் டயப்பர் காய்ந்தே வருகிறது என்றால் தயங்காமல் மாற்றுங்கள். அந்த இடத்தில் சிசிடிவி இருந்தாலும் மாற்றச் சொல்லியிருப்பேன். கேமரா டாய்லெட்டுக்குள் இருக்காது, இருக்கவும் கூடாது.

புது இடத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். மாற்றுவதற்கு முன் உங்கள் கம்பெனியிலும் ஒரு வார்த்தை கேளுங்கள். 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தினார்கள். தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்பதையும் அந்தத் திருத்தத்தில் சேர்த்தார்கள். திருப்பூரில் உங்கள் கம்பெனி அந்தக் கணக்கில் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மாமியாருக்கு முடியும் என்றால், மாறுகிற முதல் இரண்டு வாரம் மதியத்தோடு கூட்டிவந்து அவர் பார்த்துக்கொள்ளட்டும். அரை நாளில் தொடங்கி மெல்ல நேரத்தைக் கூட்டலாம். காய்ச்சலோடு இருக்கும்போது புது இடத்தில் விடாதீர்கள். அழுகை கொஞ்ச நாள் புதிதாகத் தொடங்கும், எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிப்பாட்டும்போது பிறப்புறுப்பைச் சுற்றி சிவப்பு, காயம், ரத்தக் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் டயப்பர் புண்ணாகவோ, மலச்சிக்கலால் வந்த கீறலாகவோ இருக்கும். மருத்துவர் பார்த்துச் சொல்லிவிடுவார். அதோடு குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் மட்டும் அவள் நடுங்குகிறாள் என்றால், மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே அனுப்புவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் வாருங்கள். குழந்தைகள் உதவி எண் (சைல்டு லைன்) 1098.