இருட்டில் ஒளிரும் சிந்தசைசர்

கேள்வி: யூரோராக் மாட்யூலர் சிந்தசைசரை (தனித்தனி மாட்யூல்களைச் சேர்த்து அமைக்கும் மின்னணு இசைக்கருவி) நானே கட்டுகிறேன். இருட்டிலும் பேனல் தெரிய ஈ.எல். ஒயர் (மின்சாரத்தில் ஒளிரும் மெல்லிய ஒயர்) ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். அந்த ஒயருக்கு டி.சி.யை ஏ.சி.யாக மாற்றும் இன்வெர்ட்டர் தேவை. அதன் கீச்சொலி ஆடியோவிலும் ஏறிவிடும். அப்புறம் எந்த மாட்யூல் கத்துகிறது என்று தேடி அலைவீர்கள்.

என் ஓட்டு, வெளிச்சத்தை வாங்கி வைத்து இருட்டில் ஒளிரும் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் பொடிக்குத்தான். மின்சாரமே வேண்டாம், பழைய துத்தநாக சல்பைடு ஒளிர்பொடியைவிடப் பிரகாசம், நெடுநேரம் நிற்கும். 128.5 மி.மீ. உயர அலுமினியப் பேனலில் கோடுகளைச் செதுக்கி, தெளிவான எபாக்சி பிசினில் பொடியைக் குழைத்து நிரப்புங்கள். பொடி கனமானது, கலவை நீர்த்திருந்தால் அடியில் தங்கிவிடும். எபாக்சி சற்று இறுகத் தொடங்கியதும் ஊற்றுவது நல்லது. பொடி பறக்கும்போது முகமூடி கட்டாயம். பச்சை வாங்குங்கள், சிவப்பு பெயருக்குத்தான் ஒளிரும். ஒயர் செருகும் ஜாக் துளைகளைச் சுற்றி மட்டும் பூசாதீர்கள். பல ஜாக்குகளில் நட்டு உலோகத்தைத் தொட்டால்தான் பேனலுக்கு கிரவுண்ட் (மின் தரை இணைப்பு) கிடைக்கும்.