உறைவது காலில், அடைப்பது நெஞ்சில்: சில கேள்விகள், சில பதில்கள்

பொது மருத்துவம் பார்ப்பவள் நான். நுரையீரலில் ரத்தக் கட்டி அடைப்பதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை. நாற்காலியில் உட்கார்ந்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் போய்விடுகிறது. வயது 34. உட்கார்ந்திருப்பதற்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம் டாக்டர்?

இதயம் ரத்தத்தைக் காலுக்குத் தள்ளிவிடும். திரும்ப மேலே ஏற்றுவது பெரும்பாலும் கெண்டைக்கால் தசையின் வேலை. நடக்கும்போது அது இறுகித் தளர்ந்து, உள்ளே ஆழத்தில் ஓடும் சிரைகளை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களை)ப் பிழிந்துகொண்டே இருக்கும். கீழே வழியாமல் இருக்க, சிரைக்குள் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. நீங்கள் முழங்காலை மடக்கி அசையாமல் இருந்தால் பிழிகிற ஆள் லீவு. வால்வுகளின் மடிப்புக்குப் பின்னால் ரத்தம் தேங்கும். உறைவது பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு கிளம்பினால் தொடை, வயிற்றுப் பெருஞ்சிரை, இதயத்தின் வலப்பக்கம் என்று போய் நுரையீரலில் மாட்டிக்கொள்ளும். வழியெல்லாம் குழாய் அகலமாகிக்கொண்டே போகிறது. குறுகுகிற முதல் இடம் நுரையீரல்தான். ஜெர்மனியின் மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே இதை விளக்கி, 'எம்போலிசம்' என்று பேரும் வைத்துவிட்டார்.

2003இல் நியூசிலாந்து மருத்துவர்கள் ஓர் இளைஞரைப் பற்றி எழுதினார்கள். உங்களைப் போலத்தான், கணினி முன்னால் தினமும் பன்னிரண்டு மணி நேரம். உயிருக்கே ஆபத்தான அடைப்பு வந்தது. ஒருவர் கதையை வைத்து எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் உங்கள் வயது உங்களைக் காப்பாற்றும் என்றும் நினைக்க வேண்டாம்.

கேள்வி: நான் தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். அப்புறம் இரவு வரை கடையில் கல்லாவில்தான். அது போதாதா?

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அந்த நடை நல்லது, விட்டுவிடாதீர்கள். ஆனால் மதியம் மூன்று மணிக்குக் காலில் தேங்கி நிற்கிற ரத்தத்துக்கு, காலை ஆறு மணி நடை என்ன செய்யும்?

அமெரிக்காவில் கிட்டத்தட்ட 70,000 செவிலியர்களைப் பதினெட்டு ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2011இல் வந்தது. வேலை நேரம் போக, வாரத்தில் 40 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே கழித்தவர்களுக்கு, பத்து மணி நேரத்துக்கும் குறைவாக உட்கார்ந்தவர்களைவிட இந்த அடைப்பு இரண்டு மடங்குக்கு மேல் அதிகம். மொத்தத்தில் பார்த்தால் நோய் வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் மணிக்கு ஒரு முறை எழுந்திருங்கள். கல்லாவில் இருக்கிற நீங்கள் சரக்கு எடுத்துக் கொடுக்கவாவது எழுந்திருங்கள். எல்லாவற்றுக்கும் பையனைக் கூப்பிட வேண்டாம்.

கேள்வி: இது விமானத்தில் போகிறவர்களுக்கு வருகிற வியாதி என்றுதானே சொல்வார்கள்? நாங்கள் போவது சென்னை–நாகர்கோவில் பஸ்ஸில்.

விமானத்தின் நெருக்கடியான மலிவு சீட்டை வைத்து 'எகானமி கிளாஸ் சிண்ட்ரோம்' என்று இதற்குப் பெயர் வைத்ததால் வந்த குழப்பம் இது. விமானம், ரயில், கார், பஸ் எதுவானாலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருந்தால் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. அப்படியும் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான்.

பயணமே செய்யாமலும் வரும். 1940இல் லண்டனில் குண்டு விழுந்த இரவுகளில் மக்கள் பதுங்கிடங்களில் சாய்வு நாற்காலிகளில் தூங்கினார்கள். அதன் முன்பக்கக் கட்டை தொடைக்குக் கீழே அழுத்தும். நுரையீரல் அடைப்புச் சாவுகள் முந்தைய ஆண்டைவிட ஆறு மடங்கானதைப் பார்த்து எழுதியவர், பிணக்கூறாய்வு மருத்துவர் கீத் சிம்ப்சன். ஜப்பானில் 2004 நீகாத்தா பூகம்பத்துக்குப் பிறகு வீட்டுக்குள் போகப் பயந்து காரிலேயே தூங்கியவர்களுக்கும் இதேதான் நடந்தது.

பஸ் விஷயத்தில் எனக்கு ஒரு கவலை உண்டு. வழியில் ஒழுங்கான கழிப்பறை இருக்காது என்று நம் பெண்கள் மத்தியானத்திலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். அதில் குற்றம் அவர்களுடையது அல்ல. ஆனாலும் கொஞ்சமாவது குடியுங்கள், வண்டி நிற்கிற இடத்தில் எல்லாம் இறங்குங்கள், சீட்டில் இருக்கும்போது குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்கி இறக்குங்கள். தூக்க மாத்திரை வேண்டாம்.

கேள்வி: மகளுக்கு சிசேரியன் ஆகிப் பத்து நாள். நாற்பது நாள் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்கிறார் என் மாமியார்.

மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்: இறங்க வேண்டும். கர்ப்பத்தின்போதே ரத்தம் சீக்கிரம் உறையும்படி உடம்பு மாறிவிடுகிறது, பிரசவத்தில் அதிகம் இழக்காமல் இருப்பதற்காக. பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரம்தான் உச்சக்கட்டம். சிசேரியன் என்றால் இன்னும் கூடுதல். பத்தியம், எண்ணெய்க் குளியல் எல்லாம் உங்கள் விருப்பம். வீட்டுக்குள் நடை மட்டும் கட்டாயம். இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் இவர்களுக்கும் ஆபத்து கூடுதல்தான்.

கேள்வி: திடீரென்று மூச்சு வாங்கினால் கேஸா, ஹார்ட்டா, இதுவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டில் தெரிந்துகொள்ள முடியாது. நானே ஏமாந்திருக்கிறேன். பைக்கில் விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு பையன், பத்தாம் நாள் இழுத்து மூச்சு விட்டால் விலாவில் குத்துகிறது என்று வந்தான். ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. தசைவலி என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டேன். சாயந்திரம் மயங்கி விழுந்து, பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய் சி.டி. எடுத்தபோது இரண்டு நுரையீரலிலும் கட்டி. பிழைத்துக்கொண்டான். அன்றிலிருந்து என் மேஜை டிராயரில் தையற்காரர் டேப் ஒன்று இருக்கிறது. முட்டிக்குக் கீழே துருத்தும் எலும்பிலிருந்து பத்து சென்டிமீட்டர் இறக்கி இரண்டு கெண்டைக்காலையும் அளப்பேன். மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால், சிரையில் ரத்தம் ஓடுகிறதா என்று காட்டும் டாப்ளர் ஸ்கேன்.

கவனிக்க வேண்டியவை இவை: ஒரு கால் மட்டும் வீக்கம், மூச்சை இழுத்தால் குத்தும் வலி, காரணமில்லாத மூச்சிரைப்பு, இருமலில் ரத்தம், கண் இருட்டுதல். இதில் மூச்சிரைப்போ மயக்கமோ திடீரென்று வந்தால் சோடா வாங்கிக் குடித்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: வீங்கின காலை எண்ணெய் தேய்த்து உருவி விடலாமா?

கூடவே கூடாது. உள்ளே கட்டி இருந்தால் நீங்களே கிளப்பி அனுப்பிவைத்த மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: தினம் பூண்டு சாப்பிட்டால் கட்டி கரையுமா?

கரையாது. குழம்பு நன்றாக இருக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை கொடுக்கிறார்கள். முருங்கைக்கீரையைத் தொடவே கூடாதாம். கட்டி கரைகிற வரைக்கும்தானே மாத்திரை?

அந்த மாத்திரை கட்டியைக் கரைப்பதில்லை. மேலும் வளராமல் பிடித்து வைக்கும், கரைக்கிற வேலையை உடம்பு பார்த்துக்கொள்ளும். அதனால்தான் குறைந்தது மூன்று மாதம். மூச்சு சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும் என்பது உண்மை. அதற்காக விலக்க வேண்டாம்; வாரம் இரண்டு நாள் என்றால் எப்போதும் இரண்டு நாள் என்று அளவை மாற்றாமல் சாப்பிடட்டும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2க்கும் 3க்கும் நடுவில் நிற்கிறதா என்று டாக்டர் பார்த்து டோஸ் போடுவார். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டால் வயிற்றுக்குள் ரத்தம் கசியும். எனக்குக் கீரையைவிட அதுதான் பயம்.

கேள்வி: மணிக்கு ஒரு முறை எழுந்திருங்கள் என்கிறீர்கள். எங்கள் ஆபீஸில் மேனேஜர் முறைப்பாரே?

மேஜையில் லிட்டர் பாட்டில் வைத்திருக்கிறீர்களா? அதை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டுச் சின்ன டம்ளர் ஒன்றைக் கொண்டு வாருங்கள். தீரத் தீரப் போய்ப் பிடித்துத்தானே ஆக வேண்டும். குடித்த தண்ணீர் அடுத்த தடவை தானே எழுப்பிவிடும்.