கால் வலி போய்விட்டது, இடுப்பு வலி போகவில்லை… ஆபரேஷன் தோல்வியா?

கேள்வி: வயது 52, தையல் வேலை. இடுப்பில் ஜவ்வு விலகி மூன்று மாதங்களுக்கு முன் ஆபரேஷன் ஆனது. காலில் சுளீரென்று இழுத்த வலி அடியோடு போய்விட்டது. முன்பு பத்து நிமிடம்கூட உட்கார முடியாது. இப்போது அரை மணி நேரம் மெஷினில் உட்கார்ந்தால்தான் இடுப்பு கடுக்கிறது. கால் கட்டைவிரல் இன்னும் மரத்தே இருக்கிறது. டாக்டர் 'சக்சஸ்' என்கிறார். மறுபடி எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

பதில்: தோல்வி இல்லை. விலகிய ஜவ்வு நரம்பை அழுத்தியதால்தான் கால் இழுத்தது. அந்த அழுத்தத்தை நீக்கத்தான் ஆபரேஷன். இடுப்பு வலிக்கோ தேய்ந்த ஜவ்வு, மூட்டு, பலமிழந்த தசை எனப் பல காரணங்கள். அதனால் இடுப்பு வலி, கால் வலி அளவுக்குக் குறையாது. இதை ஆபரேஷனுக்கு முன்பே உங்களிடம் விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விடுவது மருத்துவர்களாகிய எங்கள் தவறு.

சேதமான நரம்பு இழை ஒரு நாளைக்குச் சுமார் 1 மி.மீ.தான் வளரும். இடுப்பிலிருந்து கட்டைவிரல் வரை எவ்வளவு தூரம்! மரப்பு குறையப் பல மாதங்கள் ஆகலாம். கொஞ்சம் தங்கியும் விடலாம்.

'சக்சஸ்' என்ற சொல்லோடு நிற்காமல் அளந்து பாருங்கள். இங்கிலாந்தில் உருவாகி 1980-இல் வெளியான ஆஸ்வெஸ்ட்ரி கேள்வித்தாளை உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். தூக்கம், நடை, குளியல் என்று 10 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டி இரண்டால் பெருக்கினால் உங்கள் முடக்கம் எத்தனை சதவீதம் என்று தெரியும். உட்காரும் கேள்வியில் நீங்கள் 4-இலிருந்து 3-க்கு வந்திருக்கிறீர்கள். மொத்தச் சதவீதம் ஆபரேஷனுக்கு முன் இருந்ததைவிட 10 புள்ளிக்கு மேல் குறைந்திருந்தால் அது உண்மையான முன்னேற்றம். தரையில் சம்மணமிடுவது, இந்தியன் டாய்லெட்டில் குந்துவது பற்றி அதில் கேள்வியே இல்லை. என் நோயாளிகளிடம் அவற்றைத் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்வேன்.

கால் வலி திரும்பாதவரை எம்.ஆர்.ஐ. வேண்டாம். ஆறிவரும் தழும்பே படத்தில் பயமுறுத்தும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை மெஷினை விட்டு எழுந்து நடங்கள்; பிசியோதெரபியை விடாதீர்கள். ஆறாம் மாதமும் ஓராண்டு முடிவிலும் அதே தாளை நிரப்பி டாக்டரிடம் காட்டுங்கள்.

காய்ச்சலோடு தையல் போட்ட இடத்தில் நீர் கசிந்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு கழன்றாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.