மாமன் அனுப்பும் தொட்டில்

அன்பின் ஐயா,

நான் உப்புவெளியில் இருக்கிறேன். பாடசாலை ஆசிரியை. இது எனக்கு ஏழாம் மாதம், முதல் பிள்ளை. கனடாவில் இருக்கும் அண்ணா ‘ஸ்னூ’ என்ற தானியங்கித் தொட்டிலை வாங்கச் சொல்லி ஒற்றைக்காலில் நிற்கிறார். பிள்ளை அழுதால் தானே ஆட்டி, தானே ‘உஸ்’ என்று சத்தமிட்டு உறங்க வைக்குமாம். புதிது 1,695 அமெரிக்க டொலர். ஒருவர் பாவித்ததைப் பாதி விலைக்குத் தருகிறாராம். அதிலும் பாதியைத் தான் போடுவதாகவும், கப்பலில் பெட்டியோடு அனுப்பிவிடலாம் என்றும் அண்ணா சொல்கிறார். அம்மாவும் அங்கேதான். அண்ணாவின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போய் மூன்று வருடமாகிறது. இங்கே மாமியாருக்கு முழங்கால் வருத்தம். கணவர் காலை ஏழு மணிக்கே வேலைக்குப் போகிறவர், இரவில் அவரை எழுப்ப முடியாது. பிள்ளை பிறக்குமுன் வெறுந்தொட்டில் வீட்டுக்குள் வரக் கூடாது என்கிறார் மாமியார். வைஃபை கதிர் பிள்ளைக்குக் கூடாது என்கிறாள் ஒரு தோழி. இவ்வளவு காசு கொடுத்து இதை வாங்கலாமா, அல்லது நம்முடைய ஏணையே போதுமா?

பெயர் வேண்டாம்,
உப்புவெளி வாசகி

*

அன்பின் பிள்ளைக்கு,

சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கு ஓடு மாற்றினோம். கூரையில் ஏறியிருந்த தச்சர், “ஐயா, இந்த வளையை என்னவோ அறுத்திருக்கிறதே, எலியா?” என்று மேலிருந்து கேட்டார். ஏணியில் ஏறிப் பார்த்தேன். நகம் புதையும் அளவுக்கு ஒரு பள்ளம். உள்ளே தடவினால் வழுவழுவென்று இருந்தது. எலியில்லை, ஏணைக் கயிறு. அந்தப் பள்ளத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நான் அலைந்துகொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. ஆகவே என் பதில் கொஞ்சம் அங்குமிங்கும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில்லறைகளை முதலில் தள்ளிவிடுகிறேன். மாமியாரின் பயத்துக்கு மருந்து, பெட்டியைப் பிரிக்காமல் அயல்வீட்டில் வைப்பது. அவரோடு வாதாடி வெல்ல வேண்டாம், முழங்கால் வருத்தக்காரர். வைஃபை பற்றி எச்சரித்த தோழி அந்த எச்சரிக்கையை எதில் அனுப்பினார் என்று கேட்டுப் பாருங்கள்.

தொட்டிலை நான் பழிக்கப் போவதில்லை. ஹார்வி கார்ப் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் நெடுங்காலம் சொல்லிவந்த ஒரு கருத்துக்குச் செய்த உடல் அது. மனிதப் பிள்ளை மூன்று மாதம் முந்திப் பிறந்துவிடுகிறது, ஆகவே முதல் மூன்று மாதமும் கருப்பையின் இறுக்கமும் இரைச்சலும் அசைவும் அதற்கு வேண்டியிருக்கிறது என்பது அவர் கட்சி. தொட்டில் 2016இல் விற்பனைக்கு வந்தது. பிள்ளையைத் துணி உறையில் சுற்றி, உறையின் இரண்டு சிறகுகளையும் தொட்டிலின் பக்கங்களில் கொளுவிவிட வேண்டும். ஒலிவாங்கி அழுகையைக் கேட்டதும் ஆட்டமும் இரைச்சலும் படிப்படியாகக் கூடும். சில நிமிடங்களில் பிள்ளை அடங்காவிட்டால் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டு உங்கள் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். பசிக்கும் நனைந்த துணிக்கும் தன்னால் ஒன்றும் இயலாது என்று அது ஒப்புக்கொள்கிற அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. நம்மூர் ஆண்களில் பலருக்கு அது கிடையாது.

அந்த உறை பிள்ளையைப் புரளவிடாமல் மல்லாக்காக வைத்திருக்கிறது என்பதற்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023இல் அங்கீகாரம் கொடுத்தது. அங்கீகாரம் அவ்வளவுக்குத்தான். உறக்கத்தில் நேரும் திடீர் மரணத்தை இந்தத் தொட்டில் தடுக்கும் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஏணையைப் பற்றி நான் உருகி உருகி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மாட்டேன். ஏணைக்குள் பிள்ளை வில்லாக வளைந்து கிடக்கும். நாடி நெஞ்சில் முட்டினால் சின்னஞ்சிறு மூச்சுக்குழல் மடங்கும். தட்டையான, இறுகிய மெத்தையில் மல்லாக்காகக் கிடத்த வேண்டும், தலையணையோ பொம்மையோ போர்வைக் குவியலோ பக்கத்தில் இருக்கக் கூடாது, தாயின் அறையிலேயே ஆனால் தனிப் படுக்கையில் கிடத்த வேண்டும் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். பகலில், விழித்திருக்கும் ஒருவரின் கண்ணெதிரே ஏணையில் சற்று ஆட்டலாம். கண்ணயர்ந்ததும் தட்டையான இடத்துக்கு மாற்றிவிடுங்கள். மேற்சொன்ன நிபந்தனைகளுக்கெல்லாம் கம்பியடைத்த ஒரு சின்ன மரக்கட்டில் போதும். எங்களுக்கு ஓடு மாற்றிய தச்சரே செய்வார். செய்த பிறகு, வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். முதல் பத்து நாட்களுக்குள்ளேயே உங்கள் படியேறி வரும் அந்தப் பெண்மணியைப் போன்ற வசதி உங்கள் அண்ணாவின் நாட்டிலும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

காசுக் கணக்கு சுருக்கமானது. புதிதென்றால் ரூபாயில் ஐந்து இலட்சத்தைத் தாண்டும். அதன் பயன் ஆறு மாதம். பிள்ளை அதற்கு முன்பே கையையும் முழங்காலையும் ஊன்றி எழும்பத் தொடங்கினால் அன்றோடு தொட்டிலுக்கு ஓய்வு. பாவித்ததை வாங்குவதில் வேறொரு வில்லங்கம் உண்டு. 2024 ஜூலையிலிருந்து, இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் கைப்பேசிச் செயலியின் சில வசதிகளுக்கு மாதம் 19.99 டொலர் கட்ட வேண்டும். பிள்ளையைத் தொட்டிலின் ஆட்டத்திலிருந்து மெல்ல மெல்ல மறக்கடிக்கும் வசதி அந்தக் கட்டணத்துக்குள் வருகிறது. பழக்கிவிடுவது இலவசம், பழக்கத்தை விடுவிப்பதற்குத்தான் காசு! கள்ளுக்கடைக்காரருக்குக்கூட இது தோன்றவில்லை.

மின்சாரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. அடாப்டரின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்காமல் செருகிவிடாதீர்கள். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை இருளில் இருந்தோம். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு குதித்ததால் நாடே அணைந்தது என்று அமைச்சரே சொன்னார். ஒரு குரங்கின் விருப்பத்தில் நின்றுபோகக்கூடிய தொட்டில் அது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சரி, இனி நான் கதைக்க விரும்பியது.

நம் தாலாட்டுகளைக் கவனித்திருக்கிறீர்களா? பொன் தொட்டிலும் வெள்ளிச் சங்கும் முத்துச் சிலம்பும் கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் மாமன்மார். தாயின் அண்ணன் தம்பிகள் கடல் கடந்தும் மலை கடந்தும் சீர் சுமந்து வருகிறார்கள். தகப்பன் எங்கே? பெரும்பாலான தாலாட்டுகளில் அவரைக் காணோம். உறங்குகிறார் போலும். உங்கள் கடிதத்தை வாசித்தபோது சிரித்துவிட்டேன். மாமன் கனடாவிலிருந்து பொன் தொட்டில் அனுப்புகிறார். தகப்பன் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகிறவர். நூற்றாண்டுகள் போயும் பாட்டு மாறவில்லை.

அண்ணா நல்லவர், சந்தேகமில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். அம்மாவைத் தன்னிடம் வைத்துக்கொண்டு அவர் உங்களுக்கு இயந்திரத்தை அனுப்புகிறார். தொட்டிலுக்குப் போடும் பாதிக் காசை அம்மாவின் டிக்கெட்டுக்குப் போடச் சொல்லுங்கள். முப்பத்தொன்று கழியும் வரையாவது சரக்குக்கறி வைக்கவும் காயம் இடிக்கவும் அவர் இங்கே இருக்கட்டும். கேட்கக் கூச்சமாக இருந்தால் இந்தப் பதிலின் இணைப்பை அனுப்பிவிடுங்கள், பழியை நான் ஏற்கிறேன்.

கணவருக்கு வருகிறேன். “அவரை இரவில் எழுப்ப முடியாது.” இந்த ஒரு வரியை நான் நான்கு தரம் வாசித்தேன், பிள்ளை. ஏன் முடியாது? அவருக்குக் காது கேட்காதா? நீங்கள் ஆசிரியை. 84 வேலை நாள் விடுமுறை தீர்ந்ததும் நீங்களும் காலை ஏழு மணிக்குச் சேலை கட்டிக்கொண்டு நிற்கப் போகிறவர்தான். அப்போது உங்களை எழுப்பலாமா என்று யாராவது யாருக்காவது கடிதம் எழுதுவார்களா? அரசாங்க வேலையென்றால் தகப்பனுக்குக் கிடைக்கும் விடுமுறை மூன்று நாள். அந்த மூன்று நாளும் வைத்தியசாலைக்கும் வீட்டுக்கும் மோட்டார் சைக்கிள் ஓடியே கழிந்துவிடும், ஒப்புக்கொள்கிறேன். இரவுக்கு விடுமுறை எடுக்கத் தேவையில்லையே. பாலூட்டுவது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அவராலும் இயலும். துணி மாற்றலாம், தோளில் போட்டுத் தட்டி ஏவறை எடுக்கலாம், முற்றத்தில் நடக்கலாம். டச்பே கடற்கரையில் நான் மாலையில் நடக்கப் போவதுண்டு. பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு அலை காட்டும் தகப்பன்மாரை அங்கே கூட்டமாகப் பார்க்கலாம். மாலை ஐந்தரைக்கு எல்லோரும் நல்ல தகப்பன்மார். இரவு இரண்டரைக்கு அவர்கள் எங்கே?

இதைக் கேட்க எனக்கு என்ன தகுதி என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மூத்தவள் பிறந்தது 1996இல். அந்த வருடம் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடெங்கும் மணிக்கணக்கில் மின்வெட்டு. திருகோணமலையில் கச்சான் காற்று அனலாக வீசும் காலம். மின்விசிறி நின்ற இரவுகளில் பிள்ளை வீறிட்டு அழும். நான் அடுத்த அறையில் குப்பி விளக்கை வைத்துக்கொண்டு ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தேன். உறக்கமில்லாத ஒரு தாயைப் பற்றிய கதை. சிரிக்காதீர்கள், உண்மைதான். பிள்ளைத்தமிழில் தாலப் பருவம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? தால் என்றால் நாக்கு, அதை ஆட்டுவது தாலாட்டு. தாயின் குரலில் அந்தப் பாட்டுகளை எழுதிக் குவித்த புலவர்கள் ஏறத்தாழ எல்லோருமே ஆண்கள். அவர்களில் எத்தனை பேர் எழுந்து பிள்ளையைத் தூக்கினார்களோ! அந்த வரிசையில் கடைசியாக நானும் ஒருவன். கதை ஒரு சஞ்சிகையில் வந்தது. தாய்மையின் வலியை உள்ளே புகுந்து எழுதியிருக்கிறேன் என்று இரண்டு கடிதங்கள் வந்தன. அவற்றை வீட்டுக்காரியிடமே வாசித்துக் காட்டினேன்.

முப்பத்தொன்று கழிந்து சில நாட்களுக்குப் பிறகு, ஒரு காலையில் அவள் கிணற்றடியில் துவைகல்லில் காலைத் தூக்கி வைத்து மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். வலது பெருவிரலைச் சுற்றி மோதிரம் போல ஒரு வளையம். ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் சிவந்து, ஓரிடத்தில் தோல் உரிந்திருந்தது. பூச்சி கடித்ததா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, “ஏணைக் கயிறு” என்றாள். கயிற்றின் ஒரு முனையை ஏணையிலும் மறுமுனையைப் பெருவிரலிலும் கட்டிக்கொண்டு படுப்பாளாம். பிள்ளை சிணுங்கினால் கண் திறக்காமலே காலை நீட்டி மடக்குவாள். கைக்கு விசிறி, காலுக்கு ஏணை. இடையில் எப்போதாவது உறக்கம். சுவருக்கு இப்பால் நான் அவளை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஹார்வி கார்ப்பின் இயந்திரத்தில் ஒலிவாங்கி இருக்கும் இடத்தில் எங்கள் வீட்டில் இருந்தது அந்த விரல்.

நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். மனம் நொந்துபோனேன், உண்மையாகவே. உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், விரலை அறுக்காத மெல்லிய நூல் கயிறாகத் தேடி, நீளமாகவே வாங்கி வந்து கொடுத்தேன். பெரிய உதவி செய்த நிறைவோடு அன்றிரவு நன்றாக உறங்கினேன். அந்தக் கயிற்றின் மறுமுனையை என் காலில் கட்டிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உங்கள் வீட்டுக்கு வரவிருக்கும் தொட்டில் அப்படியொரு நல்ல கயிறு, பிள்ளை. அறுக்காது, மெல்லியது, விலை கூடியது. வரட்டும், வேண்டாமென்று சொல்லமாட்டேன். ஆனால் அதன் செய்தி யாருடைய கைப்பேசிக்கு வரப் போகிறது? பெட்டியைப் பிரிக்குமுன் அதைப் பேசித் தீருங்கள். அவருடையதற்கும் வரட்டும், சத்தத்தோடு. அதற்கு அவர் சம்மதித்துவிட்டால், தச்சரின் மரக்கட்டிலே போதும் என்று உங்களுக்கே தோன்றக்கூடும்.

இதை எழுதி முடித்துவிட்டு வழக்கம்போல வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். கதையைப் பற்றிய இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. கயிறு வந்த இடத்தில் மட்டும் சுளகை நிறுத்தினாள்.

“நூல் கயிறா? நைலோன். அதுதான் இன்னும் வெட்டியது.”