பிரசங்க மேடை கேட்டுப் போனேன், ஸ்டோர் சாவி கொடுத்தார்கள்

கேள்வி: நானும் என் மனைவியும் பணி ஓய்வு பெற்றுவிட்டோம். ஒரு மிஷனரி பயிற்சி மையத்தில் சில மாதம் தங்கித் தொண்டு செய்ய ஆசை. அப்படி இருந்தவர்கள் அனுபவத்தைச் சொல்ல முடியுமா?

நாங்கள் பதினாலு மாதம் இருந்தோம். தமிழ்நாட்டுக்குள்தான், ஒரு மலையடிவாரம். பெயர் வேண்டாம், கீழே கொஞ்சம் குறையும் சொல்லப் போகிறேன். மதமாற்றம் சரியா தவறா என்ற வாதத்துக்கும் இந்தப் பதிலில் இடமில்லை. கேட்டவர் அதைக் கேட்கவில்லை.

நான் தபால் துறையில் இருந்தவன். மனைவி அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். சொந்த ஊர் நெல்லைப் பக்கம். அங்கே மிஷனரி என்றால் வெள்ளைக்காரர் மட்டும் நினைவுக்கு வரமாட்டார். 1903-லேயே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, இங்கிருந்தே ஆள் அனுப்பினார்கள். முதல் பணித்தளம் தோர்ணக்கல், அன்றைய ஐதராபாத் நிஜாம் சீமை. அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. 1912-ல் தோர்ணக்கலுக்கே பேராயரும் ஆனார். என் ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கொண்டுபோவாள். பிடி அரிசிக் காணிக்கை. அதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், ஓய்வு பெற்றதும் இது தோன்றியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் போனது பாடம் எடுக்க. எங்கள் சேகரத்தில், அதாவது சபை வட்டாரத்தில், ஐயர் (போதகரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) வெளியூர் போனால் ஆராதனை நடத்துகிறவன் நான். முப்பது வருடப் பிரசங்கக் குறிப்புகளை ஒரு பெட்டி நிறைய எடுத்துக்கொண்டு போனேன். இயக்குநர் என்னைவிட இருபது வயது இளையவர். "அய்யா, வேதாகம வகுப்புக்கு ஆள் இருக்காங்க. ஸ்டோர்தான் பார்க்க ஆளில்லை" என்று சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தார். பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. பதினாலு மாதமும் அங்கேயே இருந்தது.

என் மனைவி எதுவும் திட்டமிட்டு வரவில்லை. வந்த மூன்றாம் நாளே அவளுக்குச் சுகாதார வகுப்பு எடுக்கும் வேலை. பயிற்சிக்கு வந்திருந்த பிள்ளைகள் பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள். சிலர் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். பலர் போகப்போவது ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலைப்பக்கம். சாகிப்கஞ்ச், பாகூர், கோட்டா, தும்கா ஆகிய நான்கு மாவட்டமும் மலேரியாவோடு காலா அசாரும் இருக்கிற இடம். காலா அசார் மணல் ஈ கடித்து வருவது. காய்ச்சல் வாரக்கணக்கில் விடாது, மண்ணீரல் வீங்கும். "ரெண்டு வாரத்துக்கு மேல காய்ச்சல்னா பாராசிட்டமால் போட்டுட்டுப் படுத்திருக்காதீங்க, ரத்தம் சோதிக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொல்வாள். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்க, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்று ஒவ்வொருவரையும் கலக்கவைத்துக் குடித்துப் பார்ப்பாள். கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் கீழே ஊற்றிவிட்டு மறுபடி கலக்க வேண்டும்.

வெளியில் இருப்பவர்கள் பயிற்சி என்றால் எப்போதும் ஜெபமும் பாட்டும்தான் என்று நினைக்கிறார்கள். அதிகாலையில் மணி அடித்து ஜெபத்தோடுதான் நாள் தொடங்கும், உண்மை. அப்புறம் நடப்பது வேறு. இந்தி வகுப்பு. இட்லியை மறக்கச் சப்பாத்தி, கடுகெண்ணெய்ச் சமையல். ஒரு வழக்கறிஞர் வந்து மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் மதச் சுதந்திரச் சட்டங்களை, அதாவது மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை, சொல்லிக்கொடுப்பார். ஒடிசாவில் 1967 முதல், குஜராத்தில் 2003 முதல், ஜார்க்கண்டில் 2017 முதல் இருக்கிறது. அந்த வகுப்பன்று மட்டும் மெஸ்ஸில் பேச்சு குறைவாக இருக்கும்.

எனக்குப் பிடித்தது மொழி. ராஜ்மகால் மலையிலிருந்து விடுமுறையில் வந்த ஒரு தம்பி, நான் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தபோது மால்தோ மொழி பற்றிச் சொன்னான். 'நான்' என்பதற்கு அங்கே 'ஏன்', 'நீ' என்பதற்கு 'நீன்', 'நாம்' என்பது ஏறக்குறைய நம் 'நாம்'தான். கங்கைக் கரைக்குப் பக்கத்தில் ஒரு திராவிட மொழி! தராசை அப்படியே விட்டுவிட்டு அரை மணி நேரம் கேட்டேன்.

சண்டையையும் சொல்ல வேண்டும். தபால் ஆபீசில் அன்றன்றைய கணக்கு பைசா சுத்தமாக முடியாமல் நாங்கள் வீட்டுக்குப் போனதில்லை. அந்தப் பழக்கத்தில் எண்ணெய்க்கும் புளிக்கும்கூடச் சமையல்காரரிடம் கையெழுத்து கேட்டேன். அவர் பத்து வருடமாக அங்கே இருப்பவர். ஒரு நாள் கரண்டியை வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "அய்யா, கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போங்க" என்றார். அன்று ராத்திரி நான் துணியெல்லாம் மடித்து வைத்துவிட்டேன். மனைவி பார்த்தாள். "நீங்க போறதுன்னா போங்க, எனக்கு நாளைக்கு கிளாஸ் இருக்கு" என்று விளக்கை அணைத்துவிட்டாள். காலையில் துணியை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கும் வேலை பிடிபட்டது. ஸ்டோர் வாசலில் ஒரு பெஞ்சு உண்டு. சாயங்காலம் பிள்ளைகள் வந்து உட்கார்வார்கள். ஆசிரியர்களிடம் சொல்ல முடியாததை, மதிப்பெண் போடாத கிழவனிடம் சொல்லலாம் அல்லவா? வீட்டில் அப்பா பேசுவதில்லை, கல்யாணம் தள்ளிப்போகிறது, வடக்கே போகப் பயமாக இருக்கிறது. நான் அறிவுரை சொல்லத் தொடங்கினால் மெதுவாக எழுந்து போய்விடுவார்கள். பயறு புடைத்துக்கொண்டே சும்மா கேட்டால் இருப்பார்கள். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு மாதம் ஆனது. ரசீதே தராத பஸ்ஸில் போனால் எப்படி வவுச்சர் எழுதுவது என்றும் அந்தப் பெஞ்சிலேயே சொல்லிக்கொடுத்தேன்.

சரி, உங்களுக்கு. சம்பளம் கிடையாது, எங்களுக்கு அறையும் சாப்பாடும் கொடுத்தார்கள், மருந்தும் பயணமும் எங்கள் பென்ஷனில். முதலில் ஒரு மாதம் மட்டும் என்று சொல்லிப் போங்கள், திரும்பி வருவதில் வெட்கம் இருக்காது. ராத்திரி நெஞ்சு வலித்தால் எந்த ஆஸ்பத்திரி, வண்டி யார் எடுப்பார் என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். மேற்கத்திய கழிப்பறை இருக்கிறதா என்றும் கேளுங்கள். நான் கூச்சப்பட்டுக் கேட்காமல் போய் முழங்கால் வலியால் அவதிப்பட்டேன். மத்திய அரசு பென்ஷன் என்றால் நவம்பரில் கொடுக்க வேண்டிய வாழ்நாள் சான்றுக்கு ஊருக்கு ஓட வேண்டாம், ஜீவன் பிரமாண் என்ற அரசு வசதியில் முகத்தைக் காட்டி போனிலேயே முடிக்கலாம். உங்களில் ஒருவருக்கு மட்டும்தான் ஆசை, மற்றவர் சும்மா கூட வருகிறார் என்றால் இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள். இருபத்துநாலு மணி நேரமும் ஒரே அறையில் இருந்து நாங்கள் பழகியிருக்கவில்லை. எனக்கு மார்னிங் ஷிப்ட், அவளுக்கு நைட் டூட்டி என்றே முக்கால்வாசி வாழ்க்கை போயிருந்தது.

போன வாரம் ராத்திரி பத்தரைக்கு ஜார்க்கண்டிலிருந்து போன். ஸ்டோர் பெஞ்சில் தினம் உட்கார்ந்த பையன். எப்படி இருக்கிறான், கணக்கெல்லாம் மாதாமாதம் சரியாக அனுப்புகிறானா என்று கேட்டேன். "அனுப்புறேன் அய்யா. அம்மா இருக்காங்களா? இங்க ஒரு குழந்தைக்குப் பதினாறு நாளாக் காய்ச்சல்" என்றான். அவளை எழுப்பிப் போனைக் கொடுத்தேன்.